பெர்லின் 1948: போருக்குப் பிந்தைய காதல் உளவு நாவல் எழுதுவது எப்படி

முதலில் ஒரு தேதியைச் சொல்லிவிடுகிறேன். 1947 பிப்ரவரி 15. சோவியத் குடிமக்கள் யாரும் வெளிநாட்டவரைக் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்று மாஸ்கோ அன்றைக்குச் சட்டம் போட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், 1946 டிசம்பரில், அமெரிக்கப் படை தன் ஆட்கள் ஜெர்மன் பெண்களைத் திருமணம் செய்யலாம் என்று அனுமதித்திருந்தது. இரண்டு படைகளும் இருந்தது ஒரே ஊரில், பெர்லினில். ஒரு தெருவில் தடை நீங்குகிறது, ரயிலில் கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு தெருவில் அதே கல்யாணத்துக்குத் தடை வருகிறது.

போர் முடிந்த காலத்தை வைத்து, காதலும் சஸ்பென்ஸும் உளவும் சேர்ந்த நாவல் எழுத நினைக்கிறவர்கள் பெரும்பாலும் துப்பாக்கி, மழைக்கோட்டு, இரவு, பனி மூடிய பாலம் என்று ஆரம்பிக்கிறார்கள். என் முதல் வரைவும் அப்படித்தான் இருந்தது. நாற்பது பக்கம் எழுதிய பிறகு, இந்தக் கதை எந்த ஊரிலும் எந்த வருடத்திலும் நடக்கலாமே என்று தோன்றியது, அதோடு எடுத்து வைத்துவிட்டேன். அப்புறம்தான் மேலே சொன்ன சட்டம் கண்ணில் பட்டது. ஒரு சோவியத் அதிகாரியும் ஒரு ஜெர்மன் பெண்ணும் 1946 இலையுதிர் காலத்தில் பழக ஆரம்பித்திருக்கிறார்கள் என்று வையுங்கள். பிப்ரவரியில் அவர்கள் மனதில் வைத்திருந்த எதிர்காலமே சட்டவிரோதம் ஆகிவிடுகிறது. இனிமேல் அவனிடம் மறைக்க ஒரு விஷயம் இருக்கிறது. மறைக்க ஏதாவது இருக்கிற ஆளைத்தான் உளவுத்துறை தேடி வரும். காதல் எங்கே முடிகிறது, உளவு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் ஒரே முடிச்சில் விழுந்துவிடுகின்றன.

இந்த வகை நாவலுக்கு நான் நம்பும் ஒரே விதி இதுதான்: காதலுக்கு ஒரு கதை, உளவுக்கு ஒரு கதை என்று இரண்டு கதை எழுதாதீர்கள். இரண்டும் கேட்கிற கேள்வி ஒன்றே. நீ யார்? காதலி அதை ஆசையோடு கேட்கிறாள், விசாரணை அதிகாரி அதைப் படிவம் வைத்துக் கேட்கிறான். அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல ஒரு வலுவான காரணத்தை உங்கள் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டால் பாதி நாவல் தயார்.

இடத்தையும் காலத்தையும் குறுக்குங்கள்

வியன்னாவும் நல்ல களம், அங்கே அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் என்று நான்கு படைகளும் 1955 வரை இருந்தன. இத்தாலிப் பக்கத்துத் துறைமுகமான ட்ரியெஸ்ட்டும் நல்ல களம். ஆனாலும் நான் பெர்லினைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 1961 ஆகஸ்ட் 13 வரைக்கும் அங்கே சுவர் கிடையாது. ஊரை அந்த நான்கு படைகளும் ஆளுக்கொரு செக்டராகப் பிரித்து வைத்திருந்தன, நான்கு செக்டர்களுக்கும் நடுவே மக்கள் நடந்தும் ரயிலிலும் போய்வந்தார்கள், கிழக்கில் குடியிருந்து மேற்கில் வேலைக்குப் போனவர்கள் ஏராளம். சுவர் இருந்தால் தப்பிக்கும் கதை மட்டும்தான் எழுத முடியும், திறந்த எல்லை இருந்தால் தினமும் சந்திக்கும் கதை எழுதலாம். சஸ்பென்ஸுக்கு இரண்டாவதுதான் நல்லது, ஏனென்றால் ஆபத்து ஒரே ஒரு இரவில் வராமல் ஒவ்வொரு நாள் மாலையும் ஆறு மணி ரயிலில் வருகிறது.

காலத்தையும் "போருக்குப் பிறகு" என்று பொத்தாம்பொதுவாக வைக்காதீர்கள். 1945 பெர்லின் வேறு, 1948 பெர்லின் வேறு, 1953 வேறு. என் கதைக்கு நான் எடுத்துக்கொண்டது 1948 ஜூன் 20 முதல் 1949 மே 12 வரை. ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை, மேற்கத்தியப் படைகளின் கையில் இருந்த ஜெர்மன் பகுதிகளில் மார்க் என்ற பணத்தின் புதிய நோட்டு வந்தது. 24-ஆம் தேதி, சோவியத் பகுதிக்கு நடுவே இருந்த மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலை, ரயில், கால்வாய் எல்லாவற்றையும் சோவியத் தரப்பு அடைத்தது. ஏறக்குறைய பதினொரு மாதம், இருபது லட்சம் பேருக்கு விமானத்தில்தான் சாப்பாடும் நிலக்கரியும் வந்தன. மே 12 நள்ளிரவு தாண்டியதும் முற்றுகை நீங்கியது. தொடக்கமும் முடிவும் வரலாறே போட்டுக்கொடுத்த ஒரு கால எல்லை, இதைவிட நல்ல சட்டகம் நாவலாசிரியருக்குக் கிடைக்காது.

ஆட்களை அவர்கள் தொடும் காகிதத்திலிருந்து உருவாக்குங்கள்

அந்த ஊரில் மனிதன் உயிரோடு இருந்ததே காகிதத்தின் தயவில்தான். 1945, 46-இல் ரேஷன் கார்டு ஐந்து வகை. கடைசி வகை இல்லத்தரசிகளுக்கும் வேலை இல்லாதவர்களுக்கும் போனது. அதில் கிடைத்த அளவை வைத்து பெர்லின்காரர்கள் அதற்குச் சொர்க்கத்துக்குப் போகிற அட்டை என்று பெயர் வைத்திருந்தார்கள். இடிபாடுகளில் செங்கல் பொறுக்கிச் சுத்தம் செய்யும் வேலைக்குப் பெண்கள் போனதற்குக் கூலியைவிட அந்த வேலையால் கிடைக்கும் மேலான அட்டை பெரிய காரணம். உங்கள் கதாநாயகி அந்த வேலை செய்தவள் என்றால் அவள் கையைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள், அவள் முகத்தைப் பற்றி பத்து வரி எழுத வேண்டியிருக்காது.

அப்புறம், நாஜித் தொடர்பு இருந்ததா என்று அறிய அமெரிக்கர்கள் கொடுத்த கேள்விப் படிவம். 131 கேள்விகள். உயரம், எடை, எந்தெந்த அமைப்பில் உறுப்பினர், வெளிநாட்டுக்குப் போனதுண்டா என்பதோடு, 1932 நவம்பர் தேர்தலில் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டாய் என்றுகூடக் கேட்டார்கள். ரகசிய வாக்கெடுப்பில் போட்ட ஓட்டு! இந்தப் படிவத்தை உங்கள் நாயகி பேனாவைப் பிடித்துக்கொண்டு நிரப்பும் காட்சியை எழுதிப் பாருங்கள். எந்தக் கேள்வியில் அவள் பேனா நிற்கிறதோ அங்கேதான் உங்கள் கதை இருக்கிறது. இந்த ஒரு பயிற்சிக்காகவே ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கலாம்.

நாஜி இல்லை என்று சான்றிதழ் வாங்குவதற்கு அக்கம்பக்கத்தார், பாதிரியார், பழைய முதலாளி என்று யாரிடமாவது நற்சாட்சிக் கடிதம் வாங்கினார்கள். சலவைப் பொடியின் பெயரைச் சேர்த்து அதற்கு பெர்சில் சான்றிதழ் என்று பட்டப்பெயர். யார் யாருக்கு அந்தக் கடிதம் எழுதிக் கொடுத்தார் என்பது ஒரு கடன். அந்தக் கடனை ஒருநாள் யாராவது வந்து வசூலிக்கலாம், உங்கள் மூன்றாவது அத்தியாயத்தில் கதவைத் தட்டுகிற ஆள் அதற்காகவே வந்திருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு இடம் உண்டு. அமெரிக்க செக்டரில், செலண்டோர்ஃப் பகுதியில் இருந்த ஆவணக் காப்பகம். நாஜிக் கட்சியின் உறுப்பினர் அட்டைகள், ஒரு கோடிக்கும் மேல், அங்கே வந்து சேர்ந்தன. போர் முடியும் நேரத்தில் அவற்றைக் கூழாக்கச் சொல்லி மியூனிக் பக்கத்தில் ஒரு காகித ஆலைக்கு அனுப்பியிருந்தார்கள், ஆலைக்காரர் கூழாக்காமல் மறைத்து வைத்துவிட்டார். ஒரு கோடிப் பேரின் கடந்த காலம் மரப்பெட்டிகளில் வரிசையாக நிற்கிறது. வெளியே எல்லோரும் நான் ஒன்றுமே செய்யவில்லை என்கிறார்கள், உள்ளே அட்டை வேறு சொல்கிறது. என் கதாநாயகியை நான் அங்கே தட்டச்சு வேலைக்கு வைத்தேன். குடியிருப்பது சோவியத் செக்டரில், பிரென்ஸ்லவர் பெர்கில். தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போகிறாள். கணவன் 1944-இல் கிழக்குப் போர்முனையில் காணாமல் போனவன், இறந்தான் என்ற தகவலும் இல்லை, இருக்கிறான் என்ற தகவலும் இல்லை. அவள் காதலனோ கார்ல்ஸ்ஹோர்ஸ்ட்டில், சோவியத் தலைமையகத்தில், மொழிபெயர்ப்பு அதிகாரி.

இப்போது பாருங்கள், வெளியிலிருந்து வில்லன் எவனையும் கொண்டுவர வேண்டியதில்லை. காதலனுடைய மேலதிகாரிக்கு இவர்கள் பழக்கம் தெரியவருகிறது. தண்டிக்கவில்லை. "அவள் எங்கே வேலை செய்கிறாள் என்று சொன்னாய்?" என்று மட்டும் கேட்கிறார். ஒரே ஒரு அட்டை வேண்டும். அட்டையில் இருக்கும் பெயர் அவளுக்குத் தெரிந்த பெயர். யாருடையது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்: கணவனுடையதா, நற்சாட்சிக் கடிதம் எழுதிக்கொடுத்த பாதிரியாருடையதா, அவளுடைய அப்பாவுடையதா. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாவல்.

வாசகருக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்

இங்கே எல்லோரும் செய்கிற தவறு, அவன் உளவாளி என்பதைக் கடைசி வரை மறைத்து வைத்து இருபதாவது அத்தியாயத்தில் வெடிப்பது. அது ஒரு நிமிட அதிர்ச்சி. தொடர்கதை படித்து வளர்ந்த நம் வாசகர் அதை ஐந்தாவது அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிடுவார், அப்புறம் பதினைந்து அத்தியாயம் உங்களுக்காகப் பொறுமையோடு காத்திருப்பார். அவனுக்குக் கட்டளை வந்துவிட்டது என்பதை வாசகரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால், அடுத்த சந்திப்பில் அவன் அவளிடம் "இன்னைக்கு வேலை எப்படி?" என்று கேட்கிற சாதாரணக் கேள்விகூட நெஞ்சைப் பிடிக்கும். அன்பாகக் கேட்கிறானா, வேலையாகக் கேட்கிறானா? அவனுக்கே தெரியாத நிலை வரும், அந்த இடம்தான் நாவலின் மையம்.

அடுத்த படி, அவளுக்கும் தெரியவரட்டும். ஆனால் தெரிந்ததை அவள் சொல்ல வேண்டாம்.

இதற்கு நிஜ வரலாற்றில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது, கொஞ்சம் பிந்தைய காலம். அமெரிக்கர்களும் பிரிட்டிஷாரும் பெர்லினின் அமெரிக்க செக்டரில் இருந்த ருடோ பகுதியிலிருந்து சோவியத் செக்டருக்குள் சுமார் 450 மீட்டர் சுரங்கம் வெட்டி, சோவியத் ராணுவ டெலிபோன் கம்பிகளில் ஒட்டுக்கேட்டார்கள். 1955 மே முதல் 1956 ஏப்ரல் 22 வரை ஒட்டுக்கேட்டது நடந்தது. சோவியத் உளவுத்துறைக்கு இந்தச் சுரங்கம் வெட்டுவதற்கு முன்பே தெரியும். பிரிட்டிஷ் உளவுத்துறைக்குள் இருந்த சோவியத் உளவாளி ஜார்ஜ் பிளேக் திட்டக் கூட்டத்திலேயே இருந்தவர், அவரே சொல்லிவிட்டார். தெரிந்தும் அவர்கள் ஏறக்குறைய ஒரு வருடம் சும்மா இருந்தார்கள், ஏனென்றால் உடனே பிடித்தால் யார் சொன்னது என்ற கேள்வி பிளேக்கிடம் போய் நிற்கும். தங்கள் படையின் பேச்சு எதிரி காதில் விழுவதை, ஒரு ஆளைக் காப்பாற்றுவதற்காக அனுமதித்துக்கொண்டு இருந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குக் காதல் கதை எழுதும் முறையே மாறிப்போனது. தெரிந்துகொண்டு சும்மா இருப்பது உளவுத் தொழிலில் பெரிய செயல். ஒரு பெண் தன்னை வேவு பார்க்கிறவனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, அவனைக் காப்பாற்ற எந்தத் தகவலைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று மனதுக்குள் பிரித்துக்கொண்டிருக்கிறாள் என்றால் அந்தக் காட்சியில் கத்தி, துப்பாக்கி எதுவும் தேவையில்லை. அந்தச் சுரங்கத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. குளிர்காலத்தில் உள்ளே இருந்த கருவிகளின் சூட்டால் மேலே தரையில் பனி உருக ஆரம்பித்தது. மண்ணுக்கு மேலே ஒரு நேர்கோடு தெரிந்தால் போயிற்று, அவசரமாக உள்ளே குளிரூட்ட வேண்டி வந்தது. ரகசியம் எதனால் வெளியே தெரியும் என்று யோசிக்கும்போதெல்லாம் இந்தப் பனியை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய சதி எதுவும் வேண்டாம், உடம்புச் சூடு போதும்.

தடயத்தை ஊரே கொடுக்கும்

நல்ல தடயம் வாங்கிக்கொண்டு வந்து வைத்ததாக இருக்கக் கூடாது. அந்த மாதத்தில் அந்தத் தெருவில் இயல்பாகக் கிடக்கிற பொருளாக இருக்க வேண்டும்.

பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1948 ஜூன் கடைசியில் மேற்கு பெர்லினில் வந்த புதிய நோட்டில் "பி" என்ற எழுத்து முத்திரை இருந்தது. சோவியத் பகுதியில் புதிய நோட்டு உடனே அச்சடித்து வரவில்லை, பழைய நோட்டிலேயே ஒரு சிறு வில்லையை ஒட்டிக் கொடுத்தார்கள். மேற்கு பெர்லினில் 1949 மார்ச் வரை இரண்டு பணமும் புழங்கின. ஒரு பெண்ணின் கைப்பையில் எந்த நோட்டு எத்தனை இருக்கிறது என்று பார்த்தாலே அவள் எங்கே சம்பாதிக்கிறாள், எங்கே செலவழிக்கிறாள் என்று தெரிந்துவிடும். சம்பளத்துக்குப் பொருந்தாத ஒரு கட்டு வில்லை ஒட்டிய நோட்டு, அதை மாமியார் பார்த்துவிடுகிறாள். இதற்கு மேல் என்ன தடயம் வேண்டும்?

கரன்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முற்றுகைக் காலத்தில் மேற்கு செக்டர் வீடுகளுக்கு ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம்தான் மின்சாரம், அதுவும் இரண்டு இரண்டு மணி நேரமாகப் பிரித்து. சில பகுதிகளுக்கு முறை நள்ளிரவில் வரும். இரவு இரண்டு மணிக்குப் பெண்கள் எழுந்து சமைத்தார்கள், துணி தேய்த்தார்கள். அதாவது ஒரு தெரு முழுக்க விழித்திருக்கிற நேரம் அது, எல்லா ஜன்னலிலும் விளக்கு. ரகசியச் சந்திப்புக்கு இரவு இரண்டு மணி பாதுகாப்பானது என்று நினைக்கிற எழுத்தாளர் இங்கே மாட்டிக்கொள்வார். பாதுகாப்பான நேரம் வேறு, அந்த அட்டவணையைத் தெரிந்து வைத்திருப்பவளே இந்தக் கதையில் கெட்டிக்காரி.

சத்தத்தையும் விடாதீர்கள். டெம்பெல்ஹோஃப் விமான நிலையம் குடியிருப்புகளுக்கு நடுவே இருந்தது, விமானங்கள் கூரைகளை ஒட்டித் தாழ்வாக இறங்கின. சில நிமிடத்துக்கு ஒன்று, இரவும் பகலும். மொத்தம் சுமார் 2,78,000 பறப்புகள், சுமார் 23 லட்சம் டன், அதில் பெரும்பகுதி நிலக்கரி. காட்டோ விமான நிலையத்துக்கும் போனது, புதிதாகக் கட்டிய டேகல் விமான நிலையத்துக்கும் போனது, ஹாஃபல் ஏரியில் கடல் விமானங்கள்கூட இறங்கின. உப்பு மற்ற விமானங்களை அரித்துவிடும் என்பதால் உப்பை ஏற்றி வந்தவை அவைதான். ஊர்க்காரர்களுக்கு அந்த இரைச்சல் பழகி, மூடுபனியால் நின்றுபோனால்தான் தூக்கம் கலைந்திருக்கும். என் நாவலில் ஒரு முக்கியமான பொய் சொல்லப்படுவது அப்படிச் சத்தம் நின்ற ஒரு நவம்பர் இரவில்தான், ஏனென்றால் அவள் குரல் நடுங்குவது அவனுக்குக் கேட்க வேண்டும்.

நாய்க்குட்டி மாதிரி பின்தொடரும் மழைக்கோட்டு ஆசாமிகள் பற்றி நிறைய எழுத வேண்டாம். உண்மையில் அதிகம் வேவு பார்த்தது அக்கம்பக்கம்தான். தமிழில் இதற்கு அழகான சொல் இருக்கிறது, அலர். களவில் காதலிக்கிறவர்களைப் பற்றி ஊர் பேசும் பேச்சு. சங்க காலத்தில் அலர் தாயின் காதுக்குப் போனது, 1948 பெர்லினில் அதே அலர் ஒரு காகிதத்தில் ஏறி, கட்டடப் பொறுப்பாளர் வழியாக மேலே போகிறது. நம் மரபில் ரகசியக் காதலுக்குப் பெயரே களவு, வேவுக்குப் பெயர் ஒற்று, குறளில் ஒற்றாடல் என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. ஒரு ஒற்றர் இன்னொரு ஒற்றரை அறியாதபடி வைத்திரு, மூன்று பேர் சொல்வது ஒத்துப்போனால் நம்பு என்கிறது. இதை அப்படியே கதைப் பின்னலாக எடுத்துக்கொள்ளலாம். அவன் கொண்டுவரும் தகவலைச் சரிபார்க்க, அவனுக்குத் தெரியாமல் இரண்டாவது ஆளை அவளருகே வைத்திருப்பார்கள். யார் அந்த ஆள்? மாடிப்படியில் நிலக்கரி வாளியைத் தூக்க உதவும் பக்கத்து வீட்டு அம்மாள் என்று வையுங்கள், அவளையும் வில்லியாக்க வேண்டாம். சைபீரியாவில் கைதியாக இருக்கும் அவள் மகனுக்கு ஒரு கடிதம் போய்ச்சேரும் என்று யாரோ வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

நீங்கள், நீ

தமிழில் எழுதுகிறவருக்கு இந்தக் கதையில் ஆங்கிலத்தில் எழுதுகிறவரைவிட ஒரு வசதி உண்டு. ஜெர்மன் மொழியிலும் ரஷ்ய மொழியிலும் நம்மைப் போலவே மரியாதைக்கு ஒரு "நீங்கள்", நெருக்கத்துக்கு ஒரு "நீ" இருக்கிறது. ஆங்கிலத்தில் அதைக் காட்ட வழி கிடையாது, நமக்கு ஒரு எழுத்தில் காட்ட முடியும். ஆகவே முதல் நூறு பக்கத்துக்கு அவர்கள் "நீங்கள்" என்றே பேசட்டும். யார் முதலில் "நீ" சொல்கிறார், எங்கே, என்ன வேலை செய்துகொண்டிருக்கும்போது, அதை மற்றவர் கவனித்தாரா, கவனித்தும் கவனிக்காதது மாதிரி இருந்தாரா? முத்தத்தைவிட இது பெரிய காட்சி. அப்புறம் விசாரணை அறையில், மேலதிகாரி முன்னால், அவளிடம் அந்நியன் மாதிரிப் பேச வேண்டிய நேரத்தில் அவன் வாய் தவறி ஒரு "நீ" வந்துவிடுகிறது. சுரங்கத்தின் மேல் உருகிய பனி இதுதான்.

அவர்கள் பேச்சை மதுரைப் பேச்சாகவும் ஆக்காதீர்கள், டப்பிங் படத் தமிழாகவும் ஆக்காதீர்கள். எளிமையான, சின்னச் சின்ன வாக்கியம் போதும். பசியில் இருக்கிறவர்கள் நீளமாகப் பேச மாட்டார்கள்.

ஒருவேளை கதையில் இந்தியர் ஒருவர் வேண்டும் என்று தோன்றினால், அன்றைய பெர்லினில் இந்தியாவுக்கு ஒரு ராணுவத் தூதுக்குழு இருந்தது, அதில் ஒரு குமாஸ்தாவை வைக்கலாம். கதைக்குத் தேவை இருந்தால் மட்டும். தமிழ் வாசகர் தமிழ்ப் பாத்திரம் இல்லாமலும் அழுவார்.

கனமான விஷயங்களைத் தாண்டிப் போகாதீர்கள்

இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 1945 வசந்தத்தில் சோவியத் செம்படை பெர்லினுக்குள் நுழைந்தபோது மிகப் பெரிய அளவில் பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். மூன்று வருடம் கழித்து அதே ஊரில் ஒரு ஜெர்மன் பெண் ஒரு சோவியத் அதிகாரியை நேசிக்கிறாள் என்று எழுதும்போது, அந்த வசந்தம் அவர்கள் நடுவே உட்கார்ந்திருக்கும். அவளுக்கு நேர்ந்ததா, தங்கைக்கா, மேல்மாடிப் பெண்ணுக்கா என்பதை நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதை விவரமான காட்சியாக எழுத வேண்டிய அவசியம் இல்லை. மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டால் அவள் எங்கே போய் நிற்கிறாள் என்று எழுதினால் போதும், ஆனால் அதை எழுதாமல் விட்டால் அந்தக் காதலை நம்ப முடியாது. அவன் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படியேறுகிறான் என்று ஒரு வரி என் வரைவில் இருக்கிறது. அவன் எப்படிப்பட்டவன் என்று அதற்கு மேல் நான் விளக்கவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பசியும் குளிரும் எழுதி எழுதி, ஜெர்மானியர்கள் எல்லோரும் பாவம் என்ற இடத்தில் நாவல் போய் நின்றுவிடும் அபாயம் உண்டு. பெர்லினிலிருந்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் நாடுகடத்தப்பட்டார்கள், முதல் ரயில் 1941 அக்டோபரில் குருனவால்ட் ஸ்டேஷனிலிருந்து கிளம்பியது. அவர்கள் விட்டுப்போன வீடுகளுக்கு வேறு ஆட்கள் குடிவந்தார்கள், மேசை நாற்காலி எல்லாம் ஏலத்தில் போயின. அதனால் உங்கள் நாயகியின் வீட்டில் இருக்கும் அந்த நல்ல அலமாரி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அவள் கேட்டதுண்டா? அவனுக்கும் ஒரு குடும்பம் இருந்திருக்கும், போரில் ஜெர்மன் படை போட்ட லெனின்கிராட் முற்றுகையில் என்ன ஆயிற்று என்று அவன் பேசாமல் இருக்கலாம். இப்போது பெர்லின் முற்றுகையில் நிற்கிறான், இந்த முறை முற்றுகை போடுகிற பக்கத்தில். இருவருக்கும் நடுவே இவ்வளவு இருக்கும்போது, ஒரு ரொட்டித் துண்டைப் பங்கிட்டுக்கொள்வதுகூடச் சுலபமான காரியம் இல்லை.

காலம் தவறுகிற இடங்கள்

நான் வரைவைத் திருத்தும்போது ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தேன், நீங்களும் செய்யுங்கள். 1948 கதையில் சோவியத் உளவுத்துறையைக் கேஜிபி என்று எழுதினால் தவறு, அந்தப் பெயர் 1954-இல்தான் வந்தது, அப்போது எம்ஜிபி. கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாசி 1950 பிப்ரவரியில் தொடங்கியது. சிஐஏ 1947 செப்டம்பரில் தொடங்கியது, அதற்கு முந்தைய அமெரிக்க உளவாளிக்கு வேறு அலுவலகப் பெயர் வேண்டும். கிழக்கு ஜெர்மனி, மேற்கு ஜெர்மனி என்ற இரண்டு நாடுகளே 1949-இல் பிறந்தவை. கிலீனிக்கே பாலத்தில் ஒற்றர்களை மாற்றிக்கொண்டது முதன்முதலில் 1962 பிப்ரவரியில், எனவே 1948-இல் அந்தப் பாலத்தில் மூடுபனியில் யாரும் மெல்ல நடந்து வர வேண்டாம். கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே டெலிபோன் 1952 வரை வேலை செய்தது, அதனால் "அவனுக்குத் தகவல் சொல்ல வழியே இல்லை" என்று எழுதும் முன் யோசியுங்கள், பேச வழி இருக்கிறது, யார் கேட்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை.

ஆள் கடத்தல் மட்டும் தாராளமாக நம்பலாம். மேற்கு பெர்லினில் நடுத்தெருவில் ஆளைத் தூக்கி வண்டியில் போட்டு எல்லை தாண்டிக் கொண்டுபோனார்கள். 1952 ஜூலை 8 காலையில் வால்டர் லின்சே என்ற வழக்கறிஞரை அவர் வீட்டு வாசலுக்கு அருகே அப்படித்தான் கொண்டுபோனார்கள், அடுத்த ஆண்டு டிசம்பரில் மாஸ்கோவில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. வண்டி நிற்பது, கதவு திறப்பது, கதவு மூடுவது, அவ்வளவுதான். இந்தக் காட்சியை நீட்டாதீர்கள், ஒரே பத்தியில் முடித்துவிட்டு, நடைபாதையில் கிடக்கிற தொப்பியை யார் எடுக்கிறார்கள் என்பதற்கு ஒரு பக்கம் செலவழியுங்கள்.

முடிவைப் பற்றி

கல்யாணத்தில் முடியாது, சட்டம் இருக்கிறது. அந்தத் தடை ஸ்டாலின் இறந்த பிறகுதான் நீங்கியது. இருவரும் சாகிற முடிவு எழுத்தாளருக்கு வசதி, வாசகருக்கு ஏமாற்றம். நான் மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவன் மேற்குக்கு ஓடிவருகிறான், அது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஓடிவந்தவனை அமெரிக்கர்கள் வாரக்கணக்கில் விசாரிப்பார்கள், மறுபடி அதே "நீ யார்" படிவம், மறுபடி அவளைப் பற்றிய கேள்விகள், அங்கே இன்னொரு நாவல் தொடங்கிவிடுகிறது. இன்னொன்றில் காணாமல் போன கணவன் ஓடர் நதிக்கரை முகாம் வழியாகத் திரும்பி வருகிறான், கைதிகள் 1949-இல் நிறையப் பேர் உண்மையாகவே திரும்பினார்கள். அவன் நல்லவனாக வந்து நின்றபோது எனக்கு யாரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மூன்றாவதை வைத்துக்கொண்டேன். மே 12 விடிவதற்கு முன், முற்றுகை நீங்கி முதல் லாரிகள் ஊருக்குள் வருகின்றன, தெருவில் ஜனங்கள். மேற்கு செக்டரில் அவள் சிநேகிதி வீட்டில் திடீரென்று எல்லா விளக்கும் எரிகிறது, அணையவே இல்லை. அவன் ஒரு வாரம் முன்பே மாஸ்கோவுக்குத் திரும்ப அழைக்கப்பட்டுவிட்டான், தண்டிக்கவா, பதவி உயர்வுக்கா என்று அவளுக்குத் தெரியாது. காப்பகத்தில் அவள் மரப்பெட்டியைத் திறக்கிறாள். அவன் கேட்ட அட்டை, அவள் கடைசி வரை கொடுக்காத அட்டை, அங்கேயே இருக்கிறது. அதன் பின்னால் பென்சிலில் ரஷ்ய எழுத்தில் ஒரு வரி. அவன் ஒருநாள் உள்ளே வந்திருக்கிறான், கையில் எடுத்திருக்கிறான், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அந்த வரி "நீங்கள்" என்று தொடங்குகிறதா "நீ" என்று தொடங்குகிறதா என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை, இந்த வாரம் இரண்டையும் எழுதிப் பார்க்கப் போகிறேன்.